தாணுப்பிள்ளை வீட்டுப் போட்டோவில் இடநெருக்கடி

திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்கும் தாணுப்பிள்ளையின் வீட்டு முன்னறையில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. எடுத்த அன்று அதில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்றைய நிலவரப்படி ஒரு கல்யாணப் பந்திக்கு உண்டான கூட்டம் நிற்கிறது. போட்டோவை யாரும் பெரிதாக்கவில்லை. சட்டம் பழைய தேக்குச் சட்டம்தான், கண்ணாடியும் அதே கண்ணாடிதான். ஆட்கள் மட்டும் ஒவ்வொருவராக உள்ளே வந்து இடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். எப்படி வந்தார்கள் என்று என்னைக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். பெருமழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது எப்படி எல்லோருக்கும் தெரியுமோ, அப்படித்தான் இதுவும் தெரியும். தண்ணீராவது மறுநாள் வடிந்துவிடும். இவர்கள் வடியவில்லை.

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசாமி வெள்ளிக் குதிரையில் ஆரியசாலைக்கு எழுந்தருளிய ஒரு சாயங்காலம் எடுத்த போட்டோ அது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பத்மநாபபுரம் பக்கமிருந்து மூன்று தெய்வங்கள் வருஷாவருஷம் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து நவராத்திரி முடியும்வரை தங்கிப் போவது வழக்கம். அதில் குமாரசாமிக்குத் தங்கல் எங்கள் ஆரியசாலைக் கோயிலில். அவர் வரும் வழியில் கடைக்காரர்கள் வாசலைக் கழுவி, குத்துவிளக்கேற்றி, தேங்காய் பழத் தட்டோடு நிற்பார்கள். பழவங்காடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் ஊர்வலத்தைப் படம் எடுத்துக்கொண்டே வந்தவர், பிலிம் மிச்சமிருந்ததால் தாணுவின் கடை வாசலையும் ஒன்று எடுத்தார். அதில் இடது ஓரத்தில் வெள்ளிக் குதிரையின் மூக்கு தெரியும். அதற்கடுத்து தட்டோடு தாணு, அன்றைக்குத் தலை நிறைய முடி. அவரை ஒட்டி அவர் மனைவி சூடாமணி, கல்யாணமாகி இரண்டாம் வருஷம், வலது கையில் ஒரு துணிப்பை. தாணுவின் காலடியில் ஒரு குத்துவிளக்கு, யாரோ அவசரமாக நகர்த்தி வைத்ததுபோல் கொஞ்சம் கோணலாக. அவ்வளவுதான் போட்டோ. இவர்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவர் கேமராவில் பிலிம் சுற்றவே இல்லை என்பது பந்தி முடிந்த பிறகு தெரியவந்ததால், இருவரும் சேர்ந்து இளமையாக நிற்பது உலகத்தில் இந்த ஒன்றில்தான். வீடு தீப்பிடித்தால் முதலில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியது இதைத்தான் என்று சூடாமணி பலமுறை சொல்லியிருக்கிறாள். வந்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தாணு இந்தப் போட்டோவின் கதையைச் சொல்வார். காப்பி அதற்குப் பிறகுதான் வரும். அன்றைக்கு என்ன கூட்டம், என்ன வெயில், குதிரை எப்படித் திரும்பியது, சூடாமணி அர்ச்சனைச் சாமான் பையோடு எப்படி ஓடி வந்து சேர்ந்தாள் என்றெல்லாம் சொல்லும்போது, உள்ளே அடுக்களையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்படும்.

இங்கே தாணுவின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு வியாபாரிகள் கடையில் நின்றுகொண்டு ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். சரக்கு தீர்ந்திருந்தால் ‘நாளைக்கு வருது’ என்பார்கள். அந்த ஜாதி மிளகாயையே கண்ணால் கண்டிராவிட்டாலும் ‘அடுத்த லோடுல பாக்கலாம்’ என்பார்கள். இல்லை என்ற சொல் வாயில் வந்தால் லட்சுமி வாசல்படி இறங்கிவிடுவாள் என்று கணக்கு. எல்லோரும் இதைக் கடையோடு வைத்துக்கொண்டார்கள், ஷட்டரை இறக்கினால் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பிள்ளைகளிடம் நாள் முழுக்க இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாணுவுக்கு மட்டும் கடை மாடியிலேயே வீடு. எது கடை எது வீடு என்ற பேதம் அவர் நாக்குக்குத் தெரியாமல் போயிற்று. கடன் கேட்டால் ஆமாம், பந்தல் போட இடம் கேட்டால் ஆமாம், மகளைப் பரீட்சைக்குக் கூட்டி வருகிறோம் ஒரு வாரம் தங்கட்டுமா என்றால் ஆமாம். ஊரில் அவரைப்போல நல்ல மனுஷன் கிடையாது. அந்த நல்ல பெயருக்கு மாவாட்டியது சூடாமணி.

முதலில் போட்டோவுக்குள் வந்தது தாணுவின் அக்கா மங்கலம். தாணுவின் மகன் அனூப் ஒன்றாம் கிளாஸ் சேர்ந்த வருஷம் அது. வடசேரியிலிருந்து வந்தவள் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்து, “அன்னைக்கு நானும் உனக்குப் பக்கத்துலதானே தாணு நின்னேன்? போட்டோவுல நான் விழல்லியே, என்ன அநியாயம்” என்றாள். அவள் பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள், மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வருஷங்கள் போகப்போக ஜன்னல் மறந்து வாசல் ஞாபகத்தில் நின்றுவிட்டது. மனுஷ ஜென்மத்தில் இது சகஜம். தாணுவுக்கு இது தெரியும். தெரிந்தும், “ஆமாக்கா, நீயும் நின்னே” என்றார். மறுநாள் காலையில் சூடாமணி கண்ணாடியைத் துடைக்கப்போனபோது, தனக்கும் புருஷனுக்கும் நடுவில் பச்சைப் பட்டில் மங்கலம் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். தான் ஒரு ஆள் அகலத்துக்கு வலது பக்கம் தள்ளி நிற்பதையும் கண்டாள். துணியால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். பிறகு, “போட்டோவையாவது விட்டு வைக்கப்பிடாதா” என்று சொல்லிவிட்டு இட்லிக்கு ஊற்றப் போனாள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். தாணுவின் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் ஒரு பொங்கலுக்கு வந்து போனபோது உள்ளே ஏறினார்கள். கணக்குப் பிள்ளை ஓய்வு பெற்ற அன்று கண் கலங்க ‘நானும் கடையில் அன்றைக்கு நின்றவன்தானே’ என்றார். அவர் அந்த வருஷம் வேலைக்கே சேரவில்லை, ஆனாலும் தாணு தலையாட்டினார். ஒரு மாமா, தான் செத்துப்போவதற்கு முந்தின வாரம் வந்து சொல்லி உள்ளே போனார், வேட்டி மடித்துக் கட்டியபடி இன்னும் அங்கே நிற்கிறார். இத்தனை பேரும் எங்காவது பின்னால் நின்றால்கூடப் பரவாயில்லை. ஒருத்தர் விடாமல் ‘தாணுவுக்குப் பக்கத்தில்’ நின்றதாகத்தான் எல்லோருக்கும் ஞாபகம். அதனால் ஒவ்வொருவரும் தாணுவுக்கும் சூடாமணிக்கும் நடுவிலேயே முளைத்தார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் ஓர் அடி வலது பக்கம் நகர்ந்தாள். சூடாமணி விருந்தாளி முகத்துக்கு நேராகவே மறுத்துப் பார்த்தாள். ‘நீங்க அன்னைக்குக் கோயமுத்தூர்லல்லா இருந்திய’ என்று ஒருத்தரிடம் ஊர் பேரோடு சொன்னாள். பிரயோஜனம் இல்லை. அந்த வீட்டில் மற்ற எல்லா விஷயத்திலும் எப்படியோ அப்படியே, போட்டோவும் அவள் சொல்லைக் கேட்கவில்லை. தாணுவின் ஆமாம்தான் அதற்குக் கணக்கு. ஒருதரம் கோபத்தில் அவள் போட்டோவைக் கழற்றி மிளகாய்க் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். வந்தவர்கள் குடோனுக்கே போய்த் தும்மித் தும்மிக் கதை பேசினார்கள்.

அனூப் என்ஜினியரிங் முடித்துக் கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த சமயம், போட்டோவில் சூடாமணியின் இடது முழங்கை சட்டத்துக்கு வெளியே போயிற்று. அந்த வாரம் ஜவுளிக்கடைச் சந்தில் இருக்கும் தையல்காரர் அவளுக்கு ஒரு கை மட்டும் வைத்த ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தார். சத்தம் போட்டதற்கு, அளவு எடுத்தபடிதான் தைத்திருக்கிறேன், வேண்டுமானால் நாடாவைப் பாருங்கள் என்று அவரும் பதிலுக்குச் சத்தம் போட்டார். வளையல்காரி வலது கைக்கு மட்டும் அடுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். டாக்டர் இடது கையை அமுக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் குறையில்லை என்றார். கையிருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் அவருக்குக் கொஞ்சம் நேரமானது. தோள் வெளியே போனபிறகு பஸ்ஸில் கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்பதை நிறுத்தினார். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவர் அவளைத் தாண்டி அடுத்தவர் கையில் வைத்தபோதும், பழகிய ஆட்டோக்காரர் அவள் கை காட்டியும் கண் முன்னாலேயே போனபோதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தாணுவிடம் சொன்னாள். இன்னும் ரெண்டு மூணு பேர் ஏறினா நான் முழுசா வெளிய போயிருவேன், பின்னே ஒருத்தர் கண்ணுக்கும் படமாட்டேன், உங்க கண்ணுக்கும் சேத்துத்தான், அடுத்த ஆளு கேட்டா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று தெளிவாகவே சொன்னாள். தாணு உண்மையாகவே கலங்கினார். மூக்கைச் சிந்தினார். சொல்லுகேன் சொல்லுகேன் என்றார். அதுவும் ஒரு ஆமாம்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

இந்த லட்சணத்தில்தான் சமாஜத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் போட்டி வந்தது. ஆரியசாலைத் தமிழ் வியாபாரிகள் சமாஜத்துக்கு ஞானசிகாமணி தலைவராக வந்த வருஷம். மொத்த வெல்ல வியாபாரி. எந்தக் கூட்டத்திலும் மைக்கை ஒருமுறை வாங்கினால் திருப்பிக் கொடுக்காதவர். ஆண்டு விழாவை ஒட்டி, அவரவர் வீட்டில் தங்களுக்கு ரொம்பப் பிடித்த போட்டோவைக் குழுவில் போட வேண்டும், அதன் பின்னாலிருக்கும் கதையையும் எழுத வேண்டும், நல்ல போட்டோவுக்கு விழாவில் பரிசு என்று அறிவித்தார். ஒரு வாரம் எங்கள் யாருக்கும் வேலை நடக்கவில்லை. மொட்டைத் தலைக் குழந்தைகள், கொடைக்கானல் குதிரைகள், ஸ்கூட்டர் வாங்கிய அன்று ஸ்கூட்டருக்கு மாலை போட்ட படம், அதற்குப் பத்தி பத்தியாகக் கதை. கழக்கூட்டத்தில் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அனூப்பும் அம்மாவுக்குப் பிடித்த போட்டோவாயிற்றே என்று, ஞாயிற்றுக்கிழமை வந்தபோது போனில் பிடித்து வைத்திருந்ததைப் போட்டான். அவன் ஆசையோடுதான் செய்தான், பாவம். அப்பா சொல்லிக் கேட்ட கதையை அப்படியே, அர்ச்சனைச் சாமான் பை உள்பட எழுதினான். கீழே ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். ‘தாணு அண்ணாச்சி பக்கத்தில் நானும் நின்ன நாளல்லவா’ என்றார் ஒருவர். ‘எங்க அப்பாவும் அங்கே உண்டாயிருந்து’ என்று பாதி மலையாளத்தில் எழுதினாள் சாஸ்தமங்கலத்தில் வாக்கப்பட்ட ஒருத்தி. துபாயிலிருந்து ஒருவன், தான் அன்றைக்குக் கைக்குழந்தை, அண்ணாச்சியின் மடியில்தான் இருந்தேன் என்றான், நின்றவருக்கு ஏது மடி? தாணு கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒருத்தர் மனசும் நோகக்கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படத்தை அமுக்கிக்கொண்டே வந்தார். சாயங்காலம் அவர் மாடிக்கு ஏறியபோது போட்டோவில் மூச்சுவிட இடமில்லை. சூடாமணியின் முகத்தில் பாதியும், வலது கையும், கையிலிருந்த பையும்தான் உள்ளே மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனூப் சாப்பாட்டு மேஜையில் இலை போட்டான். அவனுக்கொன்று, மனைவி ஆர்யாவுக்கொன்று, அப்பாவுக்கொன்று. நாலாவது போட அவனுக்குத் தோன்றவே இல்லை. சூடாமணி சாம்பார்ப் பாத்திரத்தோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை. அவள் அப்போது சத்தம் போடவில்லை, அதுதான் எங்களுக்குப் பிற்பாடு கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அதற்கும் இரண்டு நாள் கழித்து, தாணு கடைக்கு இறங்கும்போது மின்விசிறியையும் விளக்கையும் அணைத்து, கதவை இழுத்து வெளியே பூட்டிக்கொண்டு போனார். ஆளில்லாத வீட்டைப் பூட்டுகிற மாதிரி, ஒரு தரம் இழுத்தும் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே சூடாமணி சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவளைத் தாண்டித்தான் அவர் போயிருந்தார். அவள் ஜன்னலில் நின்று கத்திய கத்தில் மல்லி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்கள், யாரையும் காணாமல் திரும்பக் குனிந்தார்கள். தாணுவுக்குக் குரல் கேட்டது. ஓடி வந்து கதவைத் திறந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அறை முழுக்கத் தேடினார்.

“இங்க நிக்கேன்” என்றாள் சூடாமணி. “நாத்தனாருக்குக் கட்டில் கொடுத்திய, சரி. மாமாவுக்கு மெத்தை கொடுத்திய, சரி. ஊருக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, கடைசியில என்னைய வச்சுப் பூட்டிட்டுப் போறியளே. நான் என்ன உங்க குடோன் மூட்டையா?”

அன்றைக்குத் தாணு கடைக்குத் திரும்பப் போகவில்லை. மல்லிக்கு வந்த நெடுமங்காட்டு ஆள் நின்று பார்த்துவிட்டுப் போனதாகத் தெருவில் சொன்னார்கள்.

விழா சமாஜத்தின் மண்டபத்தில் நடந்தது. எல்லா வருஷத்தையும்போல ஒரு மணி நேரம் தாமதம், எல்லா வருஷத்தையும்போல வடை ஆறிப்போயிருந்தது. பரிசுக்கு வந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். தாணு வீட்டுப் போட்டோ வந்தபோது கைதட்டல் அடங்கவில்லை; மண்டபத்தில் பாதிப் பேர் அதில் நின்றார்கள், தங்களுக்குத் தாங்களே தட்டிக்கொண்டார்கள். சூடாமணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்த ஒருத்தி நாற்காலி காலி என்று நினைத்து அவள் மடியில் கைப்பையையும் வடைத் தட்டையும் வைத்துவிட்டுப் போனாள். குழுவில் மிச்சமிருந்தவர்களுக்கும் கட்டைவிரல் விழுந்திருந்ததால் திரையில் அவளுடைய முகம் போய்விட்டிருந்தது, வலது ஓரத்தில் ஒரு கையும் பையும் மட்டும் தெரிந்தது. ஞானசிகாமணி மைக்கைப் பிடித்தார். குமாரசாமியின் பெருமை, சமாஜத்தின் பெருமை, தன்னுடைய பெருமை என்று சுற்றிக்கொண்டு வந்து, முதல் பரிசு இந்தப் போட்டோவுக்குத்தான், ஏனென்றால் இந்தப் புண்ணிய தினத்தில் தாணு அண்ணாச்சிக்கு வலப்பக்கம் ஒட்டி நின்றவன் அடியேன்தான் என்றார். கூட்டம் தட்டியது. “அண்ணாச்சியே சொல்லட்டும், ஞாபகம் உண்டு அல்லே?” என்று, வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கை இன்னொருவரிடம் நீட்டினார். இந்த ஒரு ஆமாம் விழுந்தால் கையும் பையும் வெளியே. அது தாணுவுக்குத் தெரியும், கடைசி வரிசையில் இருந்தவளுக்கும் தெரியும்.

தாணு மைக்கை வாங்கினார். வாயைத் திறந்தார், மூடினார். வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்தார். தலை பழக்கத்தில் ஆமாம் என்று ஆடத் தொடங்கியது, அதை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார், நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு அந்த வார்த்தை வந்தது. அறுபத்தைந்து வயதுவரை உபயோகிக்காத வார்த்தை, கரகரவென்று வந்தது.

“இல்ல” என்றார். “இல்ல ஞானசிகாமணி, நீங்க நிக்கல்ல. என் பக்கத்துல ஒருத்தரும் நிக்கல்ல. அக்கா மாடியில நின்னா. மத்தவங்க எங்க நின்னாங்கன்னு எனக்குத் தெரியாது. என் பக்கம் காலியாக் கிடந்தது.” மூச்சு வாங்கினார். “அன்னைக்குக் காலையில இவ என்னை விட்டுட்டுப் போயிட்டா. அந்தப் பையில இருந்தது அர்ச்சனைச் சாமான் ஒண்ணும் இல்ல, இவ சேலை. நவராத்திரிக்கு வந்தவங்களுக்கெல்லாம் வீட்டைக் கொடுத்துட்டு, இவளை ஆட்டுக்கல் பக்கத்துல படுக்க வச்சேன். பகலெல்லாம் தம்பானூர்ல உக்காந்திருந்துட்டு, கடைசியில நாகர்கோவில் பஸ் ஏறிட்டா. சாயங்காலம் எல்லாரும் என் பக்கத்துல நிக்க வந்தாங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. குத்துவிளக்கைத் தூக்கிப் பக்கத்துல வச்சு, எண்ணெய் சிந்தும், தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வருவாளான்னு தெரியாது. ஆனா அந்த இடம் அவளுக்குள்ளது. கிள்ளிப்பாலத்துல எதிர்ல குமாரசாமி வந்துட்டார், பஸ்ஸு நகரல்ல. இவ இறங்கிப் பையோட நடந்து வந்தா. நான் ஒண்ணும் கேக்கல்ல. விளக்கை நகர்த்தி வச்சேன். வந்து நின்னா. அப்பந்தான் போட்டோ எடுத்தது.” கடைசி வரிசையைத் தேடிப் பார்த்து, அவளைக் காணாமல், பொதுவாக அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். “அது மட்டும்தான் அந்தப் போட்டோவுக்குக் கதை. வேற கதை கிடையாது.”

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதை நம் ஆட்கள் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும்போதுகூட வெளியே சொல்ல மாட்டார்கள். இந்த மனுஷன் மைக்கில் சொன்னார். முன்வரிசையில் மங்கலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஞானசிகாமணியின் முகம் அவருடைய வெல்லத்தின் நிறத்துக்குப் போயிற்று. மைக்கைத் திரும்ப வாங்கி, முதல் பரிசை ஸ்கூட்டர் போட்டோவுக்குக் கொடுத்து முடித்தார். கடைசி வரிசையில், வடைத் தட்டை எடுக்கத் திரும்பி வந்த பெண் அலறினாள். தட்டு ஒரு மடியில் இருந்தது. “எடுத்துக்கோ, எடுத்துக்கோ, ஆறினதுதான்” என்றாள் சூடாமணி.

இதோடு எல்லோரும் போட்டோவை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தால் எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது. ஒருத்தரும் இறங்கவில்லை. வந்து நின்ற இடத்தை விட்டுக் கொடுக்கிற ஜனமா இது? தாணு போன் போட்டு ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார், இப்போது அவருக்கு அந்த வார்த்தை ஓரளவு பழகியிருந்தது. பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், மீதிப் பேர் ‘அண்ணாச்சிக்கு வயசாயிட்டு’ என்றார்கள். ஆனால் சாமி ஊர்வலத்துக்குக் கூட்டம் முனகிக்கொண்டே வழி விடுமே, அதுபோல் தாணுவுக்குப் பக்கத்திலிருந்து வலது ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வழி விட்டார்கள். சூடாமணி அந்த வழியாகத் திரும்ப நடக்க ஆரம்பித்தாள். வேகமாக ஒன்றும் இல்லை. கார்த்திகையில் முகம் முழுதாக உள்ளே வந்தது, அனூப் நாலு இலை போட்டான், போட்டுவிட்டு எதற்கென்று தெரியாமல் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். தை மாதம் தோள் வந்தது, கண்டக்டர் டிக்கெட் கேட்டார், அவள் சில்லறை இல்லையென்று சண்டை போட்டாள். மாசியில் தையல்காரர் பழைய ஜாக்கெட்டுக்கு இன்னொரு கை தைத்துக் கொடுத்து, அதற்குத் தனிக் கூலியும் வாங்கினார். மங்கலம் மட்டும் நகர அடம்பிடித்தாள். பங்குனியில் ஒருநாள் அவளே வடசேரியிலிருந்து வந்து, போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நான் ஜன்னல்லதான் நின்னேன் போல” என்றாள். மறுநாள் காலையில் போட்டோவில் அவள் மேலே, கடைப் பலகைக்கு மேல் ஜன்னலில், அதே பச்சைப் பட்டில் நின்றாள். சூடாமணி அவளுக்குக் காப்பியில் சர்க்கரை கூட ஒரு கரண்டி போட்டாள்.

கடையில் தாணு இப்போதெல்லாம் எப்போதாவது ‘இல்லை’ என்கிறார். முதலில் கேட்ட பாலராமபுரத்து வியாபாரி பயந்து, வீட்டில் ஏதும் கெட்டது நடந்துவிட்டதா என்று விசாரித்தார். லட்சுமி வாசல்படி இறங்கினதாகத் தெரியவில்லை. மிளகாய் ஏறுகிற அன்று ஏறுகிறது, இறங்குகிற அன்று இறங்குகிறது.

இந்த நவராத்திரிக்குக் குமாரசாமி ஆரியசாலைக்கு வந்த அன்று காலையில், வாசல் கழுவிவிட்டு மாடிக்கு வந்து சூடாமணி போட்டோவைத் துடைத்தாள். சுற்றிலும் அத்தனை கூட்டமும் அப்படியே நிற்கிறது, செத்துப்போன மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார், துபாய்க்காரன் யாருடைய இடுப்பிலோ இருக்கிறான். நடுவில் தாணுவை ஒட்டி அவள். கையில் பை இல்லை. தரையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எப்போது வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. தாணு பின்னால் வந்து நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“கை வலிச்சிருக்கும்” என்றார்.

“இத்தன வருஷமா தூக்கிட்டு நிக்கேன், வலிக்காதா பின்னே” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவள் உள்ளே போனாள்.